வேலியில் போன ஓணானும் விண்கலமும்

1955-இல் வந்த 'கிங் டைனோசர்' படத்தில் ஒரு காட்சி. வேற்றுக் கிரகத்தில் இறங்கிய விஞ்ஞானிகளில் இருவர் ஒரு குகைக்குள் ஒளிந்துகொண்டு வெளியே பார்க்கிறார்கள். வெளியே ஏதோ ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு, தாடைச் சதை தொங்க நிற்கிறது. பூமியில் ஒரு காலத்தில் வாழ்ந்த டிரனோசரஸ் ரெக்ஸ் மாதிரி இருக்கிறதே என்கிறார் அந்தப் பெண் விஞ்ஞானி. நம் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டால் ஓணான் என்று சொல்லிவிடும். துல்லியமாகச் சொன்னால் இகுவானா, ஓணானுக்கு அமெரிக்காவில் இருக்கும் தூரத்துச் சொந்தம். பாவம், அதுவும் சண்டை போடும் மனநிலையில் இல்லை. யாரோ பின்னாலிருந்து குச்சியால் தள்ளிவிடுவது போலத்தான் நகர்கிறது.

விண்கலத்தில் போய் மாட்டிக்கொண்டு டைனோசரிடம் சிக்கும் மனிதர்களைப் பற்றி அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு விட்டுவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கைக்காசுப் படங்கள். சில இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ராத்திரி தூக்கம் வராதபோது போனில் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முதலில் சிரிப்பதற்காகத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. டைனோசர்தான் வேண்டும் என்றால் ஒரு தீவு போதுமே. ஏறமுடியாத ஒரு மலை போதும். எதற்கு விண்கலம்?

அன்றைய ரசனை ஒரு காரணம். 1950-க்குப் பிறகு ராக்கெட் என்றால் டிக்கெட் விற்றது. ஆனால் படங்களை வரிசையாகப் பார்த்தால் காரணம் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று தெரியும். இந்தப் படங்களில் கதையை எழுதி அதற்கு விலங்கைத் தேடவில்லை. என்ன பிலிம் கைவசம் இருக்கிறதோ, அதற்குக் கதை எழுதினார்கள்.

'கிங் டைனோசர்' படத்தை வெளியிட்டது ராபர்ட் லிப்பர்ட்டின் கம்பெனி. லிப்பர்ட் அடிப்படையில் தியேட்டர்காரர். கலிஃபோர்னியாவிலும் ஆரிகானிலும் சங்கிலித் தொடராகத் தியேட்டர் வைத்திருந்தவர், பெரிய ஸ்டுடியோக்களுக்கு வாடகை கொடுத்து அலுத்துப்போய்த் தானே படம் எடுக்க இறங்கினார். அந்தக் காலத்தில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவது வழக்கம். முதல் படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. இரண்டாவது படத்துக்குப் பெரும்பாலும் பேசிவைத்த ஒரே தொகை. கூட்டம் வந்தாலும் அவ்வளவுதான், வராவிட்டாலும் அவ்வளவுதான். வருமானத்துக்கு இப்படி முன்கூட்டியே கூரை போட்டுவிட்டால், செலவுக்கும் கூரை போட்டாக வேண்டும்.

இயக்குநர் பெர்ட் கார்டனுக்கு அது முதல் படம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் படப்பிடிப்பு முடிந்தது. மொத்தம் நான்கு நடிகர்கள். ஓடுவதே 63 நிமிடம். அதிலும் ஆரம்பத்தில் வெகுநேரம் ஒரு பின்னணிக் குரல் பேசிக்கொண்டிருக்க, யாரோ எப்போதோ எடுத்த ஆய்வுக்கூடங்களும் தொழிற்சாலைகளும் ஓடுகின்றன. புறப்படும் விண்கலம், போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா அள்ளிக்கொண்டு வந்த வி-2 ஏவுகணையின் சோதனைப் படம். கடைசியில் அந்த ஓணான் தீவின் மேல் அணுகுண்டு வெடிக்கிறது. அதுவும் அரசாங்கத்தின் பிலிம்தான். இந்தக் கிரகத்துக்கு நாகரிகத்தைக் கொண்டுவந்துவிட்டோம் என்று ஒருவர் சொல்ல, படம் முடிகிறது. கிண்டலாகச் சொல்கிறாரா, நிஜமாகவே பெருமைப்படுகிறாரா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இதே படத்தில் நடுவே ஒரு மாமத யானையும் வந்துபோகிறது. அது வந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை தெரிந்த மாதிரி.

1940-இல் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளர் 'ஒன் மில்லியன் பி.சி.' என்று ஒரு குகைமனிதர் படம் எடுத்தார். அது கைக்காசுப் படம் இல்லை. அதன் தந்திரக் காட்சிகள் ஆஸ்கர் பரிந்துரை வரை போயின. ராய் சீரைட் என்பவர் அதற்குப் பொறுப்பு. உயிருள்ள பல்லி இனங்களைப் பொம்மைக் காட்டுக்குள் விட்டார். குட்டி முதலையின் முதுகில் விசிறி மாதிரி ஒரு துடுப்பை ஒட்டினார். அர்மடில்லோவுக்குக் கொம்பு வைத்தார். பன்றிக்கு ரப்பர் உடை மாட்டி மூன்று கொம்பு டைனோசர் ஆக்கினார். யானைக்கு ரோமம் போர்த்தி மாமதமாக்கினார். துடுப்பு ஒட்டிய முதலையும் ஒரு பெரிய பல்லியும் கட்டிப் புரண்டு சண்டை போடும் காட்சிதான் படத்தின் உச்சம். அது நடிப்பு இல்லை, நிஜமாகவே ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. பிரிட்டனில் இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, விலங்கைத் துன்புறுத்தி எடுத்த காட்சிகளுக்குச் சட்டம் தடை போட்டிருந்தது. இன்று அந்த இடத்தை ஓடவிட்டுப் பார்ப்பது கஷ்டம். நான் தாண்டிவிடுவேன்.

அந்தச் சண்டை அதோடு நிற்கவில்லை. வேறு படங்களில் வெட்டி ஒட்டிக்கொள்ளும் ஸ்டாக் ஷாட்டாக விலைக்குப் போனது. 1943-இல் ஒரு டார்ஜான் படத்தில், 1951-இல் 'டூ லாஸ்ட் வேர்ல்ட்ஸ்' படத்தில், 1953-இல் 'ரோபாட் மான்ஸ்டர்' படத்தில், 1958-இல் 'டீனேஜ் கேவ்மேன்' படத்தில், 1961-இல் 'வேலி ஆஃப் த டிராகன்ஸ்' படத்தில் என்று அந்த முதலையும் பல்லியும் செத்துச் செத்துப் பிழைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. 1970-இல் கூட ஒரு படத்தில் வருகின்றன. திரைக்கதை எழுதுகிறவருக்கு வேலை எளிது: கதாபாத்திரம் புதருக்குப் பின்னால் நின்று, அதோ பார் என்று கையை நீட்ட வேண்டும். வெட்டு. முப்பது வருடப் பழைய பல்லி. வெட்டு. ஐயோ என்று ஒரு முகம். வேற்றுக் கிரகம் வசதியாக இருப்பது இங்கேதான். பூமியில் ஒரு தீவு என்றால் எங்கே இருக்கிறது, ஏன் யாரும் பார்க்கவில்லை என்று விளக்க வேண்டும். கிரகம் என்றால் எந்தப் பிலிமும் பொருந்தும். புல் வேறு மாதிரி இருக்கிறதே, வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்று யார் கேட்பார்கள்?

ஓணானைப் பெரிதாகக் காட்டுவதில் ஒரு நல்ல பௌதிகக் கணக்கு இருக்கிறது. சின்ன உருவம் சட்டென்று விழும், பெரிய உருவம் விழ நேரமாகும். உயரம் 16 மடங்கு கூடினால் விழும் நேரம் அதன் வர்க்கமூலமான 4 மடங்கு கூடும். ஆகவே ஒன்றரை அடிப் பல்லியை 24 அடி ராட்சதனாக நம்பவைக்க வேண்டுமானால், நொடிக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 96 பிரேம் ஓடவிட்டு எடுத்து, வழக்கமான வேகத்தில் திரையிட வேண்டும். அப்போது வால் அடிப்பதில் ஒரு கனம் வந்துவிடும். இந்தக் கணக்கால் தீராத குறை கால்களில் இருக்கிறது. டைனோசருக்குக் கால்கள் யானையைப் போல உடம்புக்கு நேர் கீழே. பல்லிக்கோ முழங்கை பக்கவாட்டில் விரிந்திருக்கும். எத்தனை கொம்பு ஒட்டினாலும் நடக்கத் தொடங்கியதும் வேலியில் போகிற ஓணான்தான்.

லிப்பர்ட்டைப் பற்றிச் சொல்லும்போது சேலத்தைத் தொடாமல் போக முடியாது. 1951-இல் அவர் கம்பெனி 'லாஸ்ட் காண்டினென்ட்' என்று ஒரு படம் வெளியிட்டது. தொலைந்த ராக்கெட் ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் மலையுச்சியில் டைனோசரைக் காண்கிறார்கள். மலை ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், இன்னும் ஏறுகிறார்கள். படத்தின் நீளத்தை நிரப்ப அது ஒரு வழி. உச்சிக்கு வந்ததும் கறுப்பு வெள்ளைப் படம் பச்சையாகிவிடும். அந்தப் பகுதிச் சுருளுக்கு மட்டும் சாயம் தோய்த்திருந்தார்கள். அதன் நாயகன் சீசர் ரொமேரோ அடுத்த ஆண்டே ராட் கேமரன், மேரி வின்ட்சருடன் 'த ஜங்கிள்' படத்தில் நடித்தார். லிப்பர்ட் கம்பெனியும் டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து எடுத்த படம் அது, தமிழில் 'காடு'. நம் எம்.என். நம்பியாரும் அதில் உண்டு. இந்தியக் காட்டில் யானைகள் ஏன் மிரண்டு ஓடுகின்றன என்று துப்புத் துலக்கப் போகிறவர்கள் கடைசியில் மாமத யானைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ரோமம் போர்த்திய நம் ஊர் யானைகள்தான். அமெரிக்காவில் அந்தப் படத்துக்குப் பழுப்புச் சாயம். அந்தக் கம்பெனிக்கே 1950-இல் வந்த 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' படத்தில் செவ்வாய்க் கிரகம் வந்தால் சிவப்பு. வேறு உலகத்துக்குப் போய்விட்டோம் என்று சொல்ல ஒரு வாளிச் சாயத்தைவிட மலிவான வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

சாயத்தின் எல்லையைத் தொட்டவர் ஆல் ஆடம்சன். பிலிப்பைன்ஸில் 1956-இல் எடுத்த 'தகானி' என்ற குகைமனிதர் படம் அவர் கைக்கு வந்தது. அது கறுப்பு வெள்ளை. 1970-இல் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள்? எனவே பிலிமைச் சிவப்பு, நீலம், பச்சை என்று மாற்றி மாற்றித் தோய்த்தார். பிறகு, அந்தக் கிரகத்தில் ஒருவிதக் கதிர்வீச்சு இருக்கிறது, அதனால்தான் எல்லாம் இப்படி நிறம் மாறுகிறது என்று விண்வெளி வீரர்களை விட்டே சொல்லவைத்தார். 'ஹாரர் ஆஃப் த பிளட் மான்ஸ்டர்ஸ்' என்பது படத்தின் பெயர். பார்க்கவே வேண்டாம். ஆனால் குறையைக் கதைக்குள் இழுத்துப்போட்ட அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ்.

இந்த வகையில் ஒரு படம் மட்டும் கண்ணியமான இடத்திலிருந்து தொடங்கியது. லெனின்கிராட்டில் அறிவியல் விளக்கப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த பாவெல் குளுஷந்த்சேவ் 1962-இல் எடுத்த 'பிளனேத்தா பூர்'. புயல்களின் கிரகம் என்று பொருள். மூன்று கலங்கள் வெள்ளிக்குப் புறப்படுகின்றன. ஒன்று விண்கல் மோதி அழிகிறது. இறங்கியவர்களில் இரண்டு பேரும் ஒரு ரோபோவும் தனியாகச் சிக்கிக்கொள்கிறார்கள், மற்றவர்கள் மிதக்கும் காரில் தேடிப் போகிறார்கள். மூடுபனி, எரிமலை, தலைக்கு மேல் பறக்கும் ஊர்வன, நீண்ட கழுத்து டைனோசர். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கலத்தில் மாஷா என்ற பெண் தனியாக, கீழே இறங்குவதா வேண்டாமா என்று தவிக்கிறாள்.

வெள்ளியில் டைனோசரா என்று இன்று சிரிக்கலாம். அன்று அதற்குப் பின்னால் நோபல் பரிசு பெற்ற ஒரு தலை இருந்தது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அரேனியஸ், வெள்ளியை எப்போதும் மூடியிருக்கும் மேகத்தை நீராவி என்று எடுத்துக்கொண்டு, 1918-இல், அங்கே சராசரி வெப்பம் 47 டிகிரி, எங்கும் ஈரம் சொட்டும், சதுப்புக் காடு மண்டியிருக்கும் என்று எழுதினார். கூடவே ஒரு பழைய நம்பிக்கை: சூரியனிடமிருந்து விலகிய கோள்கள் மூத்தவை, நெருங்கியவை இளையவை. செவ்வாய் கிழடு, பூமி நடுவயது, வெள்ளி குழந்தை. குழந்தைப் பருவத்தில் பூமியில் என்ன இருந்ததோ, அது இப்போது வெள்ளியில் இருக்க வேண்டும்! இதில் ஒரு வேடிக்கை. கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-இலேயே கணக்குப் போட்டவரும் இதே அரேனியஸ்தான். வெள்ளியைக் கொதிக்கவைத்திருப்பதும் அதே கரியமில வாயு. விடை கையில் இருந்தது, கேள்வி மேகத்துக்குள் மறைந்திருந்தது.

குளுஷந்த்சேவின் படம் 1962 ஏப்ரலில் வெளியானது. அந்த டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மாரினர்-2 வெள்ளியைக் கடந்து போனபோது, அங்கே தரை அடுப்பு மாதிரி கொதிக்கிறது என்று தெரிந்துபோயிற்று. 1970 டிசம்பரில் சோவியத்தின் வெனேரா-7 அங்கே இறங்கி அனுப்பிய கணக்கு சுமார் 475 டிகிரி. ஆக, டைனோசர் உலாவும் வெள்ளிக்கு அறிவியல் கொடுத்த கெடு, படம் வந்த நாளிலிருந்து எட்டே மாதம்.

அந்தக் கெடு முடிந்த பிறகுதான் ராஜர் கார்மன் அந்தப் படத்தை வாங்கினார். மலிவுப் பட உலகின் சக்கரவர்த்தி அவர். சோவியத் படங்களில் விண்கல செட்டும் பொம்மை வேலையும் அமெரிக்காவின் இரண்டாம் தரப் படங்கள் கனவுகூடக் காண முடியாத தரத்தில் இருந்தன, உரிமையோ மலிவு. 1965-இல் அது 'வாயேஜ் டு த ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்' ஆயிற்று. மாற்றியவர் கர்டிஸ் ஹாரிங்டன். சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டுப் புனைபெயர் வைத்துக்கொண்டார். ரஷ்ய நடிகர்களின் பெயர்களும் டைட்டிலில் அமெரிக்கப் பெயர்களாகிவிட்டன. மாஷாவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஃபெய்த் டோமர்க்கை உட்காரவைத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸாகப் புகழ்பெற்ற பேசில் ராத்போன் நிலாவில் ஒரு மேசைக்கு முன்னால் அமர்ந்து மைக்கில் பேசுகிறார். வீரர்கள் இன்னொரு தேசத்தில், மூன்று வருடம் முன்பு படம் பிடிக்கப்பட்டவர்கள். ராத்போன் கேட்க, அவர்கள் டப்பிங் குரலில் பதில் சொல்ல, நடுவில் ரேடியோ கரகரக்கிறது. சந்திக்கவே முடியாத இரண்டு கூட்டத்தைப் பேசவைக்க ரேடியோவைப் போல ஒரு கருவி உண்டா? கலம் உடைந்தவர்களின் ரேடியோ மட்டும் ஏன் எப்போதும் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

கார்மன் அத்துடன் விடவில்லை. அதே பிலிமை 1968-இல் பீட்டர் பொக்டனோவிச் கையில் கொடுத்து, பெண்கள் இல்லாமல் படம் விற்காது, சேர் என்றார். பொக்டனோவிச் அப்போது புதுப் பையன். மூன்றாண்டு கழித்து 'த லாஸ்ட் பிக்சர் ஷோ' எடுத்துப் பெரிய இயக்குநரானவர். மேமி வான் டோரன் தலைமையில் சில பெண்களைச் சிப்பி உடையில் லியோ கரில்லோ கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஒலிப்பதிவுக்குக் காசில்லை. சரி, வெள்ளிப் பெண்கள் வாயைத் திறக்காமல் மனசாலேயே பேசுவார்கள் என்று வைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பறக்கும் ஊர்வனதான் தெய்வம். அதைத்தான் ரஷ்யப் பகுதியில் வீரர்கள் சுட்டுவிடுகிறார்கள். பெண்கள் பழிவாங்கத் துடிக்கிறார்கள், எரிமலையை ஏவுகிறார்கள். கடைசிவரை ஒரு பெண்ணும் ஒரு ஆணும் ஒரே பிரேமில் வருவதில்லை. வர முடியாது, அவர்கள் வேறு வேறு படங்களில் இருக்கிறார்கள். பார்க்கிறவருக்கோ ஒரே கிரகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சந்திக்காமலே போகிற இரண்டு இனங்களின் சோகமாகத் தெரியும். காசு இல்லாததால் தற்செயலாக விழுந்த கவிதை அது. மூலப் படத்தைவிட எனக்கு மனசில் நின்றதும் அதுதான், குளுஷந்த்சேவ் மன்னிக்க வேண்டும்.

இப்போது 1977-க்கு வருவோம். 'பிளானட் ஆஃப் டைனோசர்ஸ்'. ஜேம்ஸ் ஷே இயக்கியது. இந்த வகையின் சுத்தமான உதாரணம் இதுதான், ஏனென்றால் இதில் ஒட்டுப் பிலிம் கிடையாது. ஒவ்வொரு விலங்கும் இதற்காகவே செய்தது.

கதையில் சிக்கனம் நுட்பமாக வேலை செய்கிறது. சிறு கலம் ஒன்று ஏரியில் விழுந்து மூழ்கிவிடுகிறது. ஆக, கலத்துக்குள் செட் போடும் செலவு முதல் ஐந்தாறு நிமிடத்தோடு முடிந்தது. ரேடியோவை எடுக்க நீந்திப்போகிற பெண்ணை நீருக்குள் ஏதோ தின்றுவிடுகிறது. ஆக, இனி ரேடியோ இல்லை, மீட்புக் காட்சி எடுக்க வேண்டியதில்லை. ஒரே உடை, கடைசிவரை கிழிந்துகொண்டே வரும். திரும்பிப்போக வழியில்லை என்ற ஒரு வரி, தயாரிப்பாளருக்கு எத்தனை பில்லை மிச்சப்படுத்துகிறது பாருங்கள். கேப்டன் உயரமான இடத்தில் வேலி கட்டிக்கொண்டு காத்திருப்போம் என்கிறார். இன்னொருவன் எதிர்த்து நின்று வேட்டையாடுவோம் என்கிறான். நடிகர்கள் பாறைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இதைப் பேசுகிறார்கள். நடக்கிறார்கள், பேசுகிறார்கள், உட்காருகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள்.

அந்தப் பாறை எல்லோருக்கும் தெரிந்த பாறை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, ஆகுவா டல்சே பக்கம் இருக்கும் வாஸ்கெஸ் பாறைகள். கொள்ளைக்காரர் திபுர்சியோ வாஸ்கெஸ் 1870-களில் ஒளிந்த இடம் என்பதால் அந்தப் பெயர். சாய்ந்து நிற்கும் அந்தக் கூரான பாறையை 'ஸ்டார் டிரெக்' பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகத்துக் கிரகங்கள் எல்லாம் ஏன் இப்படி ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்கு ஹாலிவுட்டில் ஒரு வட்டம் காரணம். நகரின் ஒரு சந்திப்பை மையமாக வைத்து 30 மைல் ஆரத்தில் போட்ட வட்டம். அதற்குள் படப்பிடிப்பு வைத்தால் உள்ளூர்க் கணக்கு, தாண்டினால் அவுட்டோர் கணக்கு, ஆளுக்குப் பேட்டா, பயணப்படி எல்லாம் ஏறும். ஆகுவா டல்சேயும் லியோ கரில்லோ கடற்கரையும் அந்தக் கணக்கில் உள்ளே சேர்க்கப்பட்ட இடங்கள். 'ரோபாட் மான்ஸ்டர்' எடுத்த பிரான்சன் குவாரியோ ஊருக்கு நடுவே, கிரிஃபித் பூங்காவில். டிராம் பாதைக்கு ஜல்லி உடைத்த இடம். மனிதன் சென்ற கிரகங்கள் பெரும்பாலும் பேட்டா தரவேண்டியிராத தூரத்திலேயே இருந்தன.

மிச்சம் பிடித்த காசெல்லாம் எங்கே போயிற்று? பொம்மைகளுக்குப் போயிற்று. நடிகர்களில் சிலருக்குச் சம்பளமே வரவில்லை என்றும் சொல்வார்கள். டக் பெஸ்விக், ஸ்டீபன் செர்காஸ், ஜிம் ஆப்பர்லி என்று மூன்று பேர். பொம்மைகளைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் படமெடுத்த ரே ஹாரிஹவுசனின் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

பொம்மைக்குள் உலோக எலும்புக்கூடு இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் கிண்ணத்துக்குள் உருளும் குண்டு. இறுக்கமாக இருந்தால்தான் வைத்த இடத்தில் நிற்கும், ரொம்ப இறுக்கமானால் அசைக்கும்போது மற்றொரு மூட்டு விலகும். மேலே நுரை ரப்பர் சதை. பாதத்தில் ஆணித்துளை, மேசைக்கு அடியிலிருந்து முடுக்குவார்கள். ஒரு பிரேம் எடுத்து, தலையை ஒரு நூல், வாலை ஒரு நூல், வயிற்றை மூச்சுக்காகக் கொஞ்சம் என்று நகர்த்தி, அடுத்த பிரேம். பத்து நொடிக் காட்சிக்கு 240 தடவை. வால் நுனி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்ததா, திரும்பிக்கொண்டிருந்ததா என்பதை அன்று முழுக்க மண்டைக்குள் வைத்திருக்க வேண்டும். 200-ஆவது பிரேமில் ஒரு பல்ப் ஃபியூஸ் போனால் முதலிலிருந்து. நானும் அக்கா மகனும் ஒரு விடுமுறையில் களிமண் பல்லி செய்து போனில் முயன்றோம். இரண்டே கால் மணி நேரத்தில் நாலு நொடி வந்தது, அதில் பல்லிக்கு வலிப்பு வந்தது போல இருந்தது.

அப்புறம் இதை மனிதர்களோடு சேர்க்க வேண்டும். பாறையில் எடுத்த காட்சியைப் பொம்மைக்குப் பின்னாலுள்ள சிறு திரையில் ஒவ்வொரு பிரேமாக வீழ்த்துவார்கள். கேமராவுக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அதில் தரை வரும் கீழ்ப்பகுதியைக் கறுப்படித்து மறைத்து முதலில் பொம்மையை எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, இப்போது மேல்பகுதியை மறைத்துக் கீழ்ப்பகுதியை எடுத்தால், விலங்கு அந்தப் பாறைகளுக்கு நடுவே நிற்பது போல ஆகிவிடும். தமிழ்ப் படத்தில் இரட்டை வேடத்துக்கு எடுத்த மாஸ்க் ஷாட்டும் இதே தத்துவம்தான். 1940-லேயே மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பாவை அப்படி இருவராக்கியது. வித்தை முழுவதும் அந்த இரண்டு பாதியும் சேரும் கோட்டை மறைப்பதில். பாறை விளிம்பு, நிழல், புதர் என்று கண் நிற்காத இடமாகப் பார்த்துக் கோட்டை ஓட்டுவார்கள். 'பிளானட் ஆஃப் டைனோசர்ஸ்' படத்தில் தேடினால் சில இடங்களில் தெரியும்: கோட்டுக்கு மேலே நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். பல இடங்களில் நான் தோற்றேன்.

டிரனோசரஸ் கடைசியில் கூராக்கிய மரத்தில் குத்தப்பட்டுச் சாகிறது. ஹாரிஹவுசனின் 1953 படத்துக்கு மரியாதையாக, அதற்காகவே கற்பனையில் பிறந்த ரெடோசரஸ் என்ற விலங்கையும் ஒரு காட்சியில் கொண்டுவந்திருக்கிறார்கள். வருடங்கள் ஓடி, தப்பியவர்கள் தோல் உடுத்தி, ஒரு குழந்தையோடு அங்கேயே குடியிருப்பதாகப் படம் முடிகிறது. பத்து லட்சம் டாலருக்குக் குறைந்த செலவில் எடுத்த படங்களுக்கான சாட்டர்ன் விருது கிடைத்தது.

2023-இல் '65' வந்தது. விண்கலம் உடைந்து விழும் இடம் 6.5 கோடி ஆண்டுக்கு முந்தைய பூமியே. விழுகிறவர்தான் வேற்றுக் கிரகவாசி. நாலரை கோடி டாலர் செலவு. எல்லாம் இருந்தது, ஒட்டிய கோடு எங்கும் தெரியவில்லை. எனக்கு இப்போது ஞாபகம் இருப்பது ஆடம் டிரைவரின் முகம் மட்டும்.

அந்தப் பழைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தேன். பெஸ்விக், 1986-இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்துக்கு, அதில் வரும் வேற்றுக் கிரக விலங்குகளின் ராணியைச் சிறிய பொம்மையாகச் செய்தவர்களில் ஒருவர். அதே படத்தில் தந்திரக் காட்சிகளுக்குத் தலைமை தாங்கி ஆஸ்கர் வாங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்கோடக், சின்ன வயதில் பார்த்த அந்தச் சோவியத் வித்தைகளை மறக்காமல், 1990-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் வயதான குளுஷந்த்சேவைத் தேடிப் பிடித்தார். எடையில்லாமல் மிதப்பதை எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு விடை எளிமையானது: ஆளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, கேமராவை நேர் கீழே வைத்தால் கயிற்றை அவர் உடம்பே மறைத்துவிடும்.

செர்காஸ் டைனோசரை விடவில்லை. சிற்பியாகி, அருங்காட்சியகங்களுக்கு முழு அளவு உருவங்கள் செய்தார். நீள்கழுத்து டைனோசர்களின் முதுகில் முள்வரிசை இருந்திருக்கலாம் என்று 1992-இல் அறிவியல் இதழில் எழுதினார். யூட்டா மாநிலத்தில் பிளாண்டிங் என்ற சிற்றூரில் மனைவியோடு சேர்ந்து ஒரு டைனோசர் அருங்காட்சியகமும் வைத்தார். 1999 பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் கற்கண்காட்சியில், சீனாவிலிருந்து வந்த ஒரு புதைபடிவத்தை அந்தத் தம்பதி 80,000 டாலருக்கு வாங்கினார்கள். மேலே பறவை, பின்னால் டைனோசர் வால். 'நேஷனல் ஜியாகிரஃபிக்' நவம்பரில் அதைப் பெரிதாக வெளியிட்டது. சில வாரங்களில் குட்டு உடைந்தது: வேறு வேறு விலங்குகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, சேர்ந்த கோட்டைச் சாந்தால் மூடியிருந்தார்கள். கல் 2000-இல் சீனாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வால் மட்டும் உண்மையிலேயே புதிய டைனோசருடையது; அதற்கு மைக்ரோராப்டர் என்று பெயர் வைத்தார்கள்.